சாரலைக் காணாத செயற்கைக்கோள்

தென்காசி,
ஆடி 20.

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மதுரைக்கும் இங்குமாக அலைந்துகொண்டிருந்தேன், அதனால்தான் தாமதம். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் அடுப்படி வரை நடந்துவிடுகிறார். நேற்று தாளிப்பு கருகுகிறது என்று என்னை அதட்டினார், அப்போதுதான் எனக்கு நிம்மதியானது. பேத்தியின் புகைப்படம் பார்த்தேன். அந்த நெற்றி உன் மாமியாருடையதேதான், நீ ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உழவர் சங்கத்துக்கு மழைக் காப்பீடு கொண்டு வந்தவர்கள், மழை அளவைச் செயற்கைக்கோளே சொல்லிவிடும், ஊரில் மழைமானி வைக்க வேண்டியதில்லை என்றார்களாம். நம்பலாமா என்று கேட்டிருந்தாய். மாதக் கணக்குக்கும் பெரிய வட்டாரத்துக்கும் நம்பலாம், கலா. ஒரு ஊரில், ஒரு நாளில் எவ்வளவு பெய்தது என்பதற்கு, சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே என் கண்ணெதிரே தினமும் அது நடக்கிறது. இன்று காலையிலிருந்து சாரல். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. குற்றாலத்துப் பக்கம் மலை தெரியவே இல்லை, மேகம் தோப்புகளின் மேலேயே இறங்கிக் கிடக்கிறது. கொல்லையில் இருக்கும் என் மழைமானியில் எட்டரை மணிக்குப் பார்த்தபோது அளவுக் குவளையில் நல்ல நீர் இருந்தது. ஆனால் செயற்கைக்கோள் மழை வரைபடத்தைத் திறந்தால், இப்படிப்பட்ட நாட்களில் தென்காசி விழும் கட்டம், அதாவது வரைபடத்தைப் பிரித்திருக்கும் சதுரங்களில் ஒன்று, பல வேளைகளில் வெறுமையாகவே இருக்கிறது.

செயற்கைக்கோள் மழைத்துளியை எண்ணுவதில்லை. இன்சாட் போல ஒரே இடத்துக்கு மேல் நிற்பவை அகச்சிவப்பில் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கின்றன. உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது, உயரமானால் மழை அதிகம் என்பது கணக்கு. நுண்ணலை (மைக்ரோவேவ்) கருவிகள் இன்னும் நெருங்கிப் பார்க்கின்றன என்றாலும், நிலத்துக்கு மேல் அவை பெரிதும் நம்புவது மேகத்துக்குள் இருக்கும் பனித்துகள்களைத்தான். கடல் நுண்ணலையில் குளிர்ந்த பின்னணியாகத் தெரிவதால் அதன்மேல் பெய்யும் மழை பளிச்சென்று தெரியும். நிலம் தானே பிரகாசமாக இருப்பதால் மழை அதில் கரைந்துவிடும். இப்போது நம் சாரலை நினைத்துப் பார். மலையில் மோதி எழும் தாழ்ந்த மேகம், உச்சியில் பனி இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அது நாள் முழுக்கப் பெய்தாலும் மேலே இருப்பவருக்கு மழையாகவே படாது.

உங்கள் கோவில்பட்டிப் பக்கம் நேர்மாறு. தென்மேற்குப் பருவக் காலத்தில் மலையைத் தாண்டி உயரமான மேகம் நகர்ந்து வரும். உச்சி குளிர்ந்திருக்கும், கருவி மழை என்று எழுதும். கீழே காற்று வறண்டு கிடப்பதால் துளி தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும். கரிசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வானம் இருட்டுகிறது, மண் நனைவதில்லை. மழை மறைவுப் பகுதியின் மானாவாரி விவசாயிக்கு இதைவிட மோசமான பிழை இல்லை. பெய்யாத மழை கணக்கில் ஏறிவிட்டால் அவனுக்கு இழப்பீடு கிடைக்காது.

நான் செயற்கைக்கோளைக் குறை சொல்லவில்லை. 1997 நவம்பரில் நாசாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய டிஆர்எம்எம் செயற்கைக்கோள்தான் வெப்பமண்டல மழையை முதன்முதலாக வானிலிருந்து ராடார் கொண்டு பார்த்தது. 2014 பிப்ரவரியில் அதன் வாரிசாக ஜிபிஎம் போனது. நம் இஸ்ரோவும் பிரான்சும் 2011 அக்டோபரில் மேகா டிராபிக்ஸை அனுப்பியபோது, அதிலிருந்த நுண்ணலைக் கருவிக்கு மதராஸ் என்று பெயர் வைத்திருந்ததைப் படித்து நான் வகுப்பில் மாணவிகளிடம் பெருமையாகச் சொன்னேன். 2013 தொடக்கத்தில் அது பழுதாகி நின்றபோது உண்மையிலேயே வருந்தினேன். கடலிலும் காட்டிலும் மழைமானி வைக்க ஆளில்லாத நாடுகளிலும் மழையைச் சொல்ல இவற்றை விட்டால் வேறு வழியே இல்லை. உலகில் தகவல் கிடைக்கும் மழைமானிகளின் வாய்களையெல்லாம் சேர்த்து வைத்தால் கால்பந்து மைதானத்தில் பாதிகூட நிரம்பாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் செயற்கைக்கோள் எண்ணைத் தரை மழைமானியோடு ஒப்பிடுவது எளிதான வேலை இல்லை. போன ஆண்டு ஒரு மாணவியின் ஆய்வுக்கு உதவினேன். முதல் வாரம் ஒன்றுமே பொருந்தவில்லை. தரையில் கனமழை பெய்த நாளில் செயற்கைக்கோளில் சுழி, முந்தின நாள் தலைகீழ். செயற்கைக்கோள் சுத்தப் பொய் சொல்கிறது என்று அந்தப் பெண் எழுதியே விட்டாள். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் எங்கள் தவறு புரிந்தது. நம் வானிலை மையத்தில் 18ஆம் தேதி மழை என்றால் 17ஆம் தேதி காலை 8.30 முதல் 18ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. செயற்கைக்கோள் பட்டியலில் 18ஆம் தேதி என்பது கிரீன்விச் நேரப்படி, நமக்கு 18 காலை 5.30 முதல் 19 காலை 5.30 வரை. ஒரே தேதி போட்ட இரண்டு எண்களுக்கும் பொதுவாக இருந்தது மூன்று மணி நேரம்தான்! அரைமணி நேரத் தகவல்களை எடுத்து 8.30க்கு 8.30 என்று நாங்களே கூட்டிய பிறகு படம் மாறிவிட்டது.

பிறகு மழைமானியையே சந்தேகப்பட வேண்டியிருந்தது. தானியங்கி மானி ஒன்றைப் பார்க்கப் போனோம். பக்கத்திலேயே வேம்பு வளர்ந்து அதன்மேல் சாய்ந்திருந்தது. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே சீசாப் பலகை போல இரட்டைக் கிண்ணம், அரை மில்லிமீட்டருக்கு ஒருமுறை டக்கென்று சாயும். வாய் 200 சதுர சென்டிமீட்டர். அப்படியென்றால் 200 மில்லி நீர் ஊற்றினால் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம், இருபது முறை சாய வேண்டும். சொட்டுச் சொட்டாக ஊற்றிவிட்டுக் காதை வைத்து எண்ணினோம். பதினான்கு. அச்சில் தூசி இறுகி, கிண்ணம் நிரம்பிய பிறகும் தயங்கி நின்றது. வழிந்த நீர் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. இந்த மானியை வைத்துப் பார்த்தால் நன்றாக அளந்த செயற்கைக்கோள்கூட மிகையாகச் சொல்வதாகத்தான் தெரியும். இன்னோர் இடத்தில் பதிவேட்டில் ஆள் வராத நாட்களுக்கெல்லாம் சுழி போட்டிருந்தார்கள். அளக்கவில்லை என்பதும் மழை இல்லை என்பதும் எப்படி ஒன்றாகும்? அந்த நாட்களை நீக்கவே ஒரு மாதம் பிடித்தது.

2023 டிசம்பரை நீயும் மறந்திருக்கமாட்டாய். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. இரண்டுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பல செயற்கைக்கோள்களின் தகவலைச் சேர்த்துத் தரும் ஜிபிஎம் மழைத் தொகுப்பின் ஒரு கட்டமே ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அந்தக் கட்டத்துக்கு ஒரே எண்தான் கிடைக்கும். அது எந்த ஊரோடு ஒத்துப்போக வேண்டும்? 26 சென்டிமீட்டர் வித்தியாசம் கருவியின் பிழையே இல்லை, மழையின் இயல்பு. உன் அப்பா சொல்வாரே, மாட்டின் ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காய்ந்திருக்கும் என்று. ஒற்றை மானியை ஒரு கட்டத்தோடு மோதவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. கட்டத்துக்குள் நான்கைந்து மானியாவது இருந்து, அவற்றின் சராசரியை எடுத்தால்தான் நியாயம்.

காப்பீட்டுக்காரர்கள் மறுபடி வரும்போது, எந்தப் பதிப்பின் எண்ணை வைத்து இழப்பீடு தருவீர்கள் என்று முதலில் கேள். ஜிபிஎம் தொகுப்பு மூன்று முறை வெளியாகிறது. நான்கு மணி நேரத்தில் ஒன்று, ஏறக்குறைய பதினான்கு மணி நேரத்தில் ஒன்று, மூன்றரை மாதம் கழித்து இறுதியானது. இறுதிப் பதிப்பு தரை மழைமானிகளின் மாதக் கணக்கால் திருத்தப்பட்டது, அதனால் அது நன்றாகவே ஒத்துப்போகும். அதே மானிகளை வைத்து அதைச் சோதித்துத் துல்லியம் என்று சொல்வது, விடைத்தாளைப் பார்த்து எழுதியவனுக்கு அதே விடைத்தாளை வைத்து மதிப்பெண் போடுவது போல. இறுதிப் பதிப்பின் துல்லியத்தைக் காட்டிவிட்டு, முதல் பதிப்பின் எண்ணால் பணம் தருவார்களா என்பதைத் தெளிவாக எழுதி வாங்கு. புரட்டாசி விதைப்புக் காலத்துக்கு மட்டும், கோவில்பட்டி வட்டாரத்துக்கு மட்டும், பெய்த நாளைப் பெய்ததாகச் சொன்னது எத்தனை, பெய்யாத நாளைப் பெய்ததாகச் சொன்னது எத்தனை என்று தனித்தனியாகக் கேள். ஆண்டுச் சராசரியில் மிகையும் குறையும் ஒன்றையொன்று தின்றுவிடும். விதைத்த பத்தாம் நாள் மழை வந்ததா என்பதுதான் உளுந்துக்கு முக்கியம்.

சங்கத்தின் பணத்திலேயே இரண்டு மூன்று சாதாரண மானிகள் வாங்குங்கள். விலை அதிகமில்லை. பள்ளி மைதானம் போலத் திறந்த இடமாகப் பார்த்து வையுங்கள், மாடியில் வேண்டாம். காற்று துளியை வாய்க்கு மேலேயே தள்ளிக்கொண்டு போய்விடும். தினமும் எட்டரைக்கு அளக்கப் பொறுப்பான ஒரு பிள்ளை வேண்டும். வராத நாளில் கோடு போடச் சொல், சுழி வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உன் அப்பா முற்றத்து ஆட்டுரலில் தேங்கிய மழைநீரைப் பார்த்து, இன்று ஓர் உழவு மழை, இன்று தூறல் என்று தேதி போட்டு எழுதிவைத்த நோட்டுகள் பரணில் இருக்கின்றனவா? 1998க்குப் பிந்தைய பக்கங்களை மட்டும் நகலெடுத்து அனுப்பு. அந்த ஆண்டிலிருந்துதான் செயற்கைக்கோள் மழைத் தகவல் எனக்குக் கிடைக்கிறது. அளவு சரியாக வராவிட்டாலும், மழை பெய்த நாளையும் பெய்யாத நாளையும் அவரைப் போல யாரும் குறித்து வைத்திருக்கமாட்டார்கள். ஆட்டுரலை விற்றுவிடவில்லையே? அதன் குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் ஒரு நூலால் அளந்து எழுது.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆவணி பிறக்கும் முன் வந்துவிடு, சாரல் அதுவரை இருக்கும்.

அன்புடன்,
சாந்தி