எந்தச் சம்பளத்துக்கு மலிவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரையும் அதை ஒட்டிய மலேசிய நகரான ஜோகூர் பாருவையும் ஒப்பிட்ட தங்கள் கட்டுரை, வாடகையையும் சாப்பாட்டு விலையையும் சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மாற்றி, ஜோகூரே மலிவு என்று முடித்துவிட்டது. வெள்ளியில் சம்பளம் வாங்குபவருக்குச் சரி. மலேசியாவின் மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியத்தில் ஜோகூரிலேயே வேலை செய்பவரைக் கேட்டால் கதை வேறு.

நானும் ஜோகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவன்தான். இரண்டையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனாலும் எல்லைச் சோதனை வரிசையைத் தாண்டி, காலை 8 மணிக்குத் தொடங்கும் வேலைக்குப் போக விடிகாலை 4 மணிக்கே எழுந்தாக வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்ததைத் தூக்கத்தில் கட்டினேன். அடுத்த முறை, ஓர் அரிசி மூட்டைக்கு அந்தந்த ஊர்ச் சம்பளத்தில் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பயண நேரத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்