டோவ்னா புறாதான தாத்தா?

சிறார் நூல்களைத் தமிழாக்குவோருக்கும் அச்சிடுவோருக்கும்,

வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு சிற்றூரில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கதை வாசிக்கிறவன் நான். லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதையின் இரண்டாம் பாகம், 1871இல் வந்தது, தமிழ்ச் சுருக்கமாகப் போன மாதம் கைக்கு வந்தது. கரோல் தானே கட்டிய சொற்களும் இல்லாத மிருகங்களுமாக வரும் ஜாபர்வாக்கி என்ற வேடிக்கைப் பாட்டு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். அதில் 'டோவ்கள்' என்று இருந்தது. அஞ்சாப்புப் படிக்கிற பிள்ளை கேட்டாள்: "டோவ்னா புறாதான தாத்தா?"

புறா இல்லை. கொஞ்சம் வளைக்கரடி, கொஞ்சம் பல்லி, கொஞ்சம் புட்டித் தக்கையைப் பிடுங்கும் திருகாணி. நிழல் கடிகாரத்துக்கு அடியில் கூடு கட்டும், பாலாடைக்கட்டி தின்னும். முட்டை உருவ ஹம்ப்டி டம்ப்டி இதையெல்லாம் ஆலிஸுக்கு விளக்கும் பக்கத்தைச் சுருக்கத்தில் வெட்டிவிட்டார்கள். கறியை எறிந்துவிட்டு எலும்பை இலையில் வைத்த மாதிரி.

அந்தப் பக்கத்தை நானே வாய்ப்பேச்சில் சொன்னேன். 'பிரில்லிக்' என்றால் சாயங்காலம் நாலு மணி, ராச்சாப்பாட்டுக்கு வாட்டத் தொடங்கும் நேரம் என்கிறார் ஹம்ப்டி. எங்கள் ஊர் டீக்கடையில் நாலு மணிக்குத்தான் உளுந்தவடை எண்ணெயில் விழும். "அப்ப வடைப்பொழுதுன்னு வைங்க" என்றான் ஒருத்தன். 'ஸ்லைதி' ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருளை மடித்து வைத்த பயணப்பெட்டி: வழவழப்பும் நெளிவும். அரை நிமிஷத்தில் 'வழுநெளி' பிறந்துவிட்டது. உடம்பெல்லாம் இறகு விறைத்து நிற்கும் நோஞ்சான் பறவை போரோகோவ், வாரியக்கொக்கு ஆனது.

இதெல்லாம் தமிழுக்கு ஒவ்வாது என்பீர்களோ? கூந்தன்குளத்துக்கு வந்திறங்கும் பறவைக்குக் கூழைக்கடா என்று பேர். பறவைக்குக் கடா! கோயில் தூணில் சிங்க உடம்பும் தும்பிக்கையுமாக யாளி நிற்கிறது. சோறு உண்ணாத பிள்ளையை மூணு கண்ணனைச் சொல்லி மிரட்டியவர்கள் நாம்.

ஆலிஸை ஆலிஸ் என்றே விடுங்கள், அது பெண்பிள்ளையின் பேர். இல்லாத மிருகத்தின் பேரை மட்டும் எழுத்துப்பெயர்த்துத் தராதீர்கள். கரோல் ஆக்ஸ்போர்டில் கணக்கு வாத்தியார், கணக்காய்த்தான் கோத்திருக்கிறார். 'சார்ட்டில்' என்று அந்தப் பாட்டில் அவர் கட்டிய சிரிப்புச் சொல் ஆங்கில அகராதிக்கே போய்ச் சேர்ந்தது. அச்சுக்கு அனுப்புமுன் பத்துப் பிள்ளைகளிடம் உரக்க வாசித்துப் பாருங்கள். கேட்பது அவ்வளவுதான்.

ஒன்று பாக்கி. 'ராத்' என்னும் பச்சைப் பன்றிக்கு எங்களுக்கு இன்னும் பேர் அகப்படவில்லை. அது போடும் சத்தம் முக்காரத்துக்கும் சீட்டிக்கும் இடைப்பட்டது, நடுவில் ஒரு தும்மல். அதை மட்டும் தெருவே கேட்கும்படி விளக்கு வைக்கிற வரைக்கும் போட்டுப் பார்த்தார்கள்.

இப்படிக்கு,
திண்ணைத் தாத்தா