மகாராணியின் காசு செல்லும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் சமையல் குறிப்புக்குக் கீழே பெட்டி கட்டி எலிசபெத் மகாராணியின் காசைப் பற்றி ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். "அரசர் மாறிவிட்டதால் மகாராணியின் தலை பொறித்த நாணயங்கள் விரைவில் செல்லாக்காசாகிவிடும். வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது." எழுதியவர் பெயர்கூட இல்லை. அந்த இரண்டு வரியால் லண்டனில் எங்கள் தெருவில் 84 வயது ஆச்சி ஒருவர் மூன்று இரவு நித்திரை கொள்ளவில்லை.

ஆச்சி ஒரு பால்மாப் பேணியைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இது இன்னும் போகுமோ?" என்றார். பேணியைக் குசினி மேசையில் கவிழ்த்தேன். எல்லாம் குத்திக் காசு, உலோக நாணயங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என்று வருடக் கணக்காகச் சேர்த்தது. அதில் 64 பவுண் சொச்சம் இருந்தது. அதற்கு முன்பே 120 பவுண் மட்டில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாராம். அவர் தாள் காசாக 90 பவுண் கொடுத்து, "செல்லாத காசுக்கு இவ்வளவு தாறதே பெரிசு" என்றிருக்கிறார். கையோடு உங்கள் பத்திரிகையையும் விரித்துக் காட்டினாராம். ஆச்சிக்கு முப்பது பவுண் நட்டம். அவருக்கு அது இரண்டு கிழமைச் சாமான் வாங்குகிற காசு.

ஆசிரியரே, இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. நாம் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம், இதே கடைகளில்தான் சில்லறை வாங்குகிறோம். மகாராணி இறந்தது 2022 செப்டெம்பர் 8. புழக்கத்தில் இருந்த அவருடைய காசு எல்லாம் தொடர்ந்து செல்லும், புது அரசரின் காசோடு சேர்ந்து புழங்கும் என்று அந்த மாதமே அறிவித்துவிட்டார்கள். அவர் தலை பொறித்த குத்திகள் 2,700 கோடி மட்டில் புழக்கத்தில் இருந்ததாக அப்போதே கணக்கும் சொன்னார்கள். இவ்வளவையும் யார் எங்கே அள்ளிக்கொண்டு போவது? வேல்ஸில் லன்ட்ரிசன்ட் என்ற ஊரில் இருக்கிற அரச நாணயச்சாலை, வங்கிகளுக்குத் தேவைப்படுகிறபோது புதுக் காசு அடிக்கிறது. தேய்ந்தது கழிகிற இடத்துக்குப் புதியது வருகிறது. அது நடந்து முடிய எத்தனையோ வருடம் ஆகும்.

சார்ள்ஸ் அரசரின் தலையோடு கைக்கு வந்த முதல் காசு 50 பென்ஸ். 2022 டிசெம்பரில் தபாலகங்களில் கொடுத்தார்கள். அதன் பின்பக்கம்கூட மகாராணியின் நினைவுக்குத்தான். 1953 இல் அவருடைய முடிசூட்டுக்கு வெளியிட்ட காசில் இருந்த கேடயங்களைத் தழுவியது. அப்புறம் 2023 ஒக்டோபரில் எட்டுக் காசுக்கும் புது உருவங்கள் அறிவித்தார்கள். 2 பென்ஸில் சிவப்பு அணில், 50 பென்ஸில் சமன் மீன், ஒரு பவுணில் தேனீக்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்று இலக்கத்தையும் பெரிதாகப் போட்டார்கள். அந்தத் தேனீப் பவுண் கடைகளுக்கு வந்ததே 2024 ஆகஸ்டில். இன்றைக்கும் நான் சில்லறை வாங்கினால் பத்தில் ஒன்றில் தேனீயைக் கண்டால் பெரிய காரியம்.

நான் கடைகளில் காசு வாங்கும் டில்லில் நின்றே முப்பது வருடம் கழித்தவன். 1988 இல் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான். ஒருவர் கொடுத்த சில்லறையில் ஒரு ஆணின் தலை. சுற்றிவர இலத்தீன் எழுத்து, 1948 என்று வருடம். கள்ளக் காசு என்று நினைத்து வாங்க மாட்டேன் என்றுவிட்டேன். உள்ளே இருந்து வந்த மேலாளர் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது ஆறாம் ஜோர்ஜின் சில்லிங், பழைய காசு. இப்ப அஞ்சு பென்ஸ். டில்லுக்குள் போடு" என்றார். மகாராணியின் தகப்பன் ஆறாம் ஜோர்ஜ் இறந்தது 1952 இல். அவர் போய் 36 வருடம் கழித்து அவருடைய காசை என் கையால் வாங்கிப் போட்டேன். அவருடைய இரண்டு சில்லிங் 1993 வரைக்கும் பத்துப் பென்ஸாக ஓடியது. நிறுத்தியபோதும் காரணம் அரசர் இல்லை. பத்துப் பென்ஸின் அளவைச் சிறிதாக்கினார்கள், அதனால் பெரியது போயிற்று.

அந்தப் பெட்டிச் செய்தி எங்கே பிறந்திருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். மகாராணி இறந்த அதே மாதம் 30 ஆம் திகதியோடு 20, 50 பவுண் கடதாசித் தாள்கள் கடைகளில் செல்லாமல் போயின. பிளாஸ்ரிக் தாள் வந்ததால் கடதாசியை நிறுத்தினார்கள். திகதியை முந்தியே முடிவு செய்துவிட்டார்கள். அரசரின் காசு முகத்தை மக்களுக்குக் காட்டியதும் அதே நாள். நம்முடைய மொழியில் நாணயம் என்றால் குத்தியும்தான், நாட்டுப் பணமும்தான். யாரோ தாளைப் பற்றிச் சொன்னதை யாரோ குத்தி என்று எடுத்து, அது கைத்தொலைபேசிகளில் சுற்றி உங்கள் மேசைக்கு வந்திருக்கும். மேசைக்கு வந்தபிறகாவது ஒருவர் தன் பொக்கெற்றில் கையை விட்டுப் பார்த்திருக்கலாம்.

இது முதல் தடவை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2023 இல் உங்கள் ஜோதிடப் பக்கத்தில், புது அரசர் காசில் இடப்பக்கம் பார்ப்பது சகுனப் பிழை என்று எழுதினீர்கள். தலையில் கிரீடம் இல்லாததும் குறை என்றீர்கள். அன்றைக்கே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாம் சார்ள்ஸ் காலத்திலிருந்து, 17 ஆம் நூற்றாண்டிலிருந்து, ஒருவர் பார்த்த பக்கத்துக்கு அடுத்தவர் எதிர்ப்பக்கம் பார்ப்பது வழக்கம். மகாராணி வலப்பக்கம் பார்த்தார், மகன் இடப்பக்கம் பார்க்கிறார். எட்டாம் எட்வேர்ட் ஒருவர்தான் தன் முகம் இடப்பக்கம்தான் அழகு என்று அடம் பிடித்தார். அவர் 1936 டிசெம்பரில் முடி துறந்ததால் இந்த நாட்டில் அவர் தலையோடு காசு புழக்கத்துக்கே வரவில்லை. தம்பி ஆறாம் ஜோர்ஜ், அண்ணன் முறைப்படி வலப்பக்கம் பார்த்ததாக வைத்துக்கொண்டு இடப்பக்கம் பார்த்தார். கிரீடம் இல்லாமல் பொறிப்பதும் புதிது இல்லை. ஆறாம் ஜோர்ஜின் அந்தச் சில்லிங்கிலும் வெறுந்தலைதான். இதை எழுதியிருந்தால் எத்தனை பிள்ளைகள் ஆசையாகப் படித்திருக்கும்!

பேணியோடு வந்த அன்றைக்கு ஆச்சிக்கு நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பேணியில் இருந்து ஐந்து காசைப் பொறுக்கி, முகம் மாறிய ஒழுங்கில் வரிசையாக வைத்தேன். மகாராணியின் இளவயது முகம் உள்ள 1953 ஆம் ஆண்டுக் காசு ஒன்று என்னிடம் இருந்தது. அதையும் முன்னால் வைத்தேன். அடுத்தது 1971 இன் 2 பென்ஸ், பிறகு 85க்குப் பிந்தியது, 98க்குப் பிந்தியது, 2015க்குப் பிந்தியது. கடைசியாக அரசரின் 50 பென்ஸ். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இவ என்னோட சேர்ந்து வயசு போயிருக்கிறா" என்றார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் 1963 இல் இலங்கைச் சின்னம் போட்ட புதுச் சதங்கள் வந்தபோதும் எங்கள் கடைக்கார ஐயா அரசர் தலை போட்ட சதுர ஐந்து சதத்தை மறுக்காமல் வாங்கினார். நாடே சுதந்திரம் அடைந்தபிறகு அப்படி. இங்கே ஒரு அரசர் மாறியதற்கு நம் சனத்தை நாமே பயப்படுத்தலாமா?

உங்கள் பத்திரிகையை முதல் இதழிலிருந்து காசு கட்டி வாங்குகிறேன். ஆச்சிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. உங்கள் பக்கம்தான் அவருக்குச் செய்தி. அடுத்த இதழில் அதே இடத்தில், அதே பெட்டியில், "புழக்கத்தில் உள்ள மகாராணியின் காசு எல்லாம் செல்லும், யாரிடமும் குறைத்துக் கொடுக்காதீர்கள்" என்று ஒரு வரி போடுங்கள். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். ஆச்சிக்குக் கண் தெரிவது குறைவு.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
மேற்கு லண்டன்