போக்கஸ் லைட்டைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள்

திருகோணமலை உப்புவெளி, நிலாவெளி கடற்கரை விடுதி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். இரவில் மணலில் நின்று, தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு குழாய்க்குள் குனிந்து பார்க்கும் ஆளை உங்கள் காவலாளிகள் கண்டிருப்பார்கள். அது நான்தான். கள்ளன் இல்லை. ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கடந்த மே மாதம் நான் தேடியது சொம்பிரரோ (மெக்சிக்கோக்காரரின் அகன்ற தொப்பியின் பெயர்) என்ற விண்மீன் மண்டலத்தை, அதாவது கேலக்ஸியை. ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு தூரம். மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நம் ஊரில் அது உச்சியிலிருந்து கொஞ்சம் தெற்கே நிற்கும். படத்தில் காணும் தொப்பியெல்லாம் தெரியாது. கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் நீளமாக ஒரு மங்கல். நேரே பார்த்தால் அதுவும் மறைந்துவிடும். மங்கல் ஒளியைப் பிடிக்கும் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிவரத்தான் இருக்கின்றன. அதனால் பக்கத்தில் உள்ள வெள்ளி ஒன்றைப் பார்ப்பதாகப் பாவனை செய்து ஓரக்கண்ணால் பிடிக்க வேண்டும். அப்போதும் சந்தேகம் என்றால் குழாயை விரலால் மெல்லத் தட்டுவேன். அசைகிற மங்கல் கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படும்.

கண் இருட்டுக்குப் பழகவே அரை மணி நேரம் போகும். அன்று பழகி, தட்டி, அந்த மங்கல் ஒரு தடவை அசைந்ததைக் கண்ட நேரம் பார்த்து, பக்கத்து விடுதியில் போக்கஸ் லைட் எரிந்தது. கடலைப் பார்த்தபடி! மணலில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மறுபடி அரை மணி நேரம்.

‘தொலைநோக்கியில் ஃபில்டர் போடலாமே’ என்றார் ஒரு நண்பர். சில நிறங்களை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி அது. விண்வெளியில் உள்ள வாயு முகில்களைப் பார்க்க அது உதவும், அவை குறிப்பிட்ட சில நிறங்களில்தான் ஒளிர்கின்றன. விண்மீன் மண்டலம் கோடானுகோடி வெள்ளிகளின் கலவை வெளிச்சம். உங்கள் லைட்டை வெட்டினால் அதுவும் சேர்ந்து வெட்டுப்படும்.

லைட்டே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மேலே மூடி போட்டுக் கீழே திருப்புங்கள், பாதைக்கு வெளிச்சம் குறையாது. வெள்ளை எல்இடிக்குப் பதில் மஞ்சள் போடுங்கள், காற்றில் அதிகம் சிதறுவது நீல ஒளிதான். கடல் பக்க லைட்டைப் பத்து மணிக்கு அணைத்தால் கரண்ட் பில்லும் மிச்சம்.

இன்னொன்று. சிங்க ராசியிலும் கன்னி ராசியிலும் இப்படியான மண்டலங்கள் குவிந்து கிடக்கின்றன. அவை முன்னிரவில் உச்சிக்கு வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் உங்கள் சீசனும் தொடங்குகிறது. லண்டனிலிருந்து வருபவருக்கு அவர் ஊரில் சொம்பிரரோ தாழ்வாகத்தான் தெரியும், இங்கே தலைக்கு மேலே. ஆனால் நிலாவெளிக்கு நிலா இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வரவேண்டும், அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த அமாவாசைக்கு உங்களில் ஒருவர் ஒரு மணி நேரம் லைட்டை அணைத்துத் தாருங்கள். தொலைநோக்கியோடு வந்து விருந்தினருக்குக் காட்டுகிறேன். காசு வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும். காவலாளியிடம் மட்டும் டோர்ச் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கறுப்புத் துணிக்காரன்