கணினிக் கோப்பை முதன்முறை திறந்து பார்ப்பவருக்கு

பாளையங்கோட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக அலைந்துகொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. நேற்று கட்டைப் பிரித்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்து அவளே சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உன் மகள் வேலையில் சேர்ந்ததைச் சொன்னேன், மிகவும் மகிழ்ந்தாள்.

எங்கள் தெருப் படிப்பகத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலையை எதிர்வீட்டுப் பெண் எடுத்துச் செய்கிறாள். பி.காம். இரண்டாம் ஆண்டு. கைப்பேசியில் தட்டச்சு செய்து, புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் வெறும் உரையான சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, படிப்பகக் கணினியில் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறந்தாள். போன வாரம் ஒரு மாலை அழாத குறையாக வந்து நின்றாள். 200-க்கும் மேற்பட்ட பெயர்களில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. 'க' இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஓர் ஆங்கில எழுத்து, வட்டத்துக்குள் அடைபட்ட இன்னொன்று, அடுத்து ஒரு கரும்புள்ளி. ஒரு மாத உழைப்பைத் தானே அழித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தாள்.

கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட்டுகளாக, அதாவது மூன்று சிறு எண்களாக, எழுதப்படுகிறது: 224, 174, 149. மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'க'. மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியின்படி தனித்தனியே படித்தால் அந்த மூன்று குறிகள். திறக்கும்போதே கால்க் ஒரு சாளரத்தைக் காட்டி எந்த எழுத்துத் தொகுதி என்று கேட்கிறது. அங்கே யுடிஎஃப்-8 என்று மாற்றியதும் பெயர்கள் அத்தனையும் திரும்பின. அவளுக்குப் போன உயிர் வந்தது.

தொலைபேசி எண்களில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவற்றை முன்பே ஒரு தனிக் கோப்பில் திறந்து, சேமித்தும் விட்டிருந்தாள். 0462 என்று தொடங்கிய வீட்டு எண்களெல்லாம் 462 என்று நின்றன. அவற்றைத் தொகை போல எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சுழியத்தை மென்பொருள் விட்டுவிட்டது. அதே சாளரத்தில் அந்த நெடுவரிசையை 'உரை' என்று குறித்திருந்தால் போதும். எல்லாம் ஒரே ஊர் எண்கள் என்பதால் சரிசெய்துவிட்டோம். விரிதாள்கள் சில மரபணுக்களின் பெயர்களை மார்ச், செப்டம்பர் என்று தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆராய்ச்சியாளர்களே அவ்வளவு காலம் அல்லல்பட்ட விஷயத்தில் இந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது, மாமா?" என்று கேட்டாள். உட்கார்ந்து தேடினோம். சிஎஸ்வி வடிவத்தை விவரிக்க 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம் இருக்கிறது. காற்புள்ளி எங்கே வரலாம், மேற்கோள்குறி எங்கே வரலாம் என்று சூத்திரம் போல எழுதிய இலக்கணம். நிரல் எழுதுபவருக்கு அது போதும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு செய்தி: தான் எந்த எழுத்துத் தொகுதியில் எழுதப்பட்டது என்று சொல்ல சிஎஸ்வி கோப்புக்குள் ஒதுக்கப்பட்ட இடம் கிடையாது, அதைத் திறப்பவர்தான் சொல்ல வேண்டும். இப்படி நேராக, ஒரு சின்ன மாதிரிக் கோப்போடு, தமிழில் எழுதிய ஒரு பக்கம்கூட அன்று எங்கள் கைக்கு எட்டவில்லை.

விளக்கம் எங்கே என்று கேட்டவர்களிடம், மென்பொருளின் மூலநிரல் திறந்துதானே இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று நாமே எத்தனை முறை பதில் சொல்லியிருக்கிறோம்! அந்தச் சுதந்திரத்தின் மேல் எனக்குள்ள பற்று இன்றும் குறையவில்லை. ஆனால் பட்டியல் அவளுடையது. தன் பொருள் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, முதலில் பூட்டு செய்யும் தொழிலைக் கற்று வா என்று ஒருத்தியிடம் சொல்வது நியாயமில்லை.

நீ டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் தட்டச்சு செய்து வைத்திருந்த கவிதைகள் நினைவிருக்கிறதா? அதன் குறியீட்டு அட்டவணையை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்ததால்தான் ஒரே இரவில் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினோம். அதே காலத்தில் ஓர் அச்சகம் கொடுத்த எழுத்துருவில் அடித்த நம் ஆண்டு மலர் இன்னும் என் வட்டில் கிடக்கிறது. அந்த எழுத்துருவுக்கு யாரும் அட்டவணை எழுதிவைக்கவில்லை.

கோப்பின் வடிவத்தை விளக்கி எழுதிவைக்கும் இந்தப் பொறுப்பு புதிதும் அல்ல. 1971 நவம்பரில் வந்த, யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே ஐந்தாம் பிரிவு கோப்பு வடிவங்களுக்கென்று இருந்தது. லினக்ஸின் கையேட்டில் இன்றும் அதே ஐந்தாம் பிரிவுதான். பயனர் கணக்குகளின் கோப்பில் முக்காற்புள்ளி பிரிக்கும் ஏழு புலங்களையும் நீயும் நானும் அங்கேதான் படித்தோம். பிஎன்ஜி படக் கோப்பின் முதல் எட்டு பைட்டுகள் ஏன் அப்படி அமைந்தன என்பதற்கு 1996-இல் வந்த அதன் வரையறையே காரணம் சொல்கிறது: கோப்பு வரும் வழியில் சிதைந்திருந்தால் தொடக்கத்திலேயே தெரிந்துவிட வேண்டும். அந்த 'ஏன்' தெரிந்துவிட்டால் பிறகு மறக்காது. இந்தப் பெண்ணிடம் அதைக் கண்கூடாகப் பார்த்தேன். மூன்று பைட்டு கதையைக் கேட்ட மறுநாள் தன் தோழிக்கு அவளே விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஆகவே கோப்பு வடிவங்களைத் தமிழில் விளக்கும் கையேடு ஒன்றை எழுதத் தொடங்கிவிட்டேன். சிஎஸ்வி பற்றி எட்டுப் பக்கம் முடிந்திருக்கிறது. ஐந்து வரி மாதிரிக் கோப்பில் தொடங்கி, ஒவ்வொரு வரியாகப் போகிறது. அடுத்தது 'கொ'. அதைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம், சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. பட்டியலில் ஒரே ஆள் இரண்டு உறுப்பினராக நின்றது அதனால்தான். அந்த அத்தியாயத்தை நீ எழுது. என்னைவிட உனக்கு அது நன்றாகத் தெரியும்.

எட்டுப் பக்கங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். புரியாத இடங்களில் அவள் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள்; மூன்றாம் பக்கத்தில்தான் அதிகம். முதலில் அதைப் பார்.

உன் பழைய நண்பன்