ஏ.டி.எச்.டி.க்கு அட்டை கேட்டால் எங்கே போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாடு, என்றாலே நம் ஆட்களுக்கு வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பையன்தான் நினைவுக்கு வருகிறான். அவன் வளர்ந்து ஓ.எம்.ஆரில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்ப்பான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பையன் மட்டுமில்லை, என்னைப் போன்ற பெண்களும்தான், எனக்கு முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் மருத்துவர் கண்டுபிடித்தார்.

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் வேலையை வாயால்தான் சொல்வார். லிஃப்டுக்குப் போகிற வழியில் நின்று, "அந்த ரிப்போர்ட்டை மாத்திடுங்க, அப்புறம் அந்த பில், ஆங், வியாழக்கிழமை கிளையன்ட் கால்" என்று மூன்றையும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்கு முதலாவது தங்கும், கடைசியில் பாதி தங்கும். என் இடமோ பேன்ட்ரி வாசலில், காபி மெஷின் சத்தத்தோடு ஊர்க்கதை முழுக்கக் காதில் விழும். சொன்னதை இரண்டு வரி மெயிலாகப் போடுங்கள், இடத்தை உள்பக்கச் சுவரோரம் மாற்றுங்கள் என்றுதான் கேட்டேன். பைசா செலவில்லை. அதற்கு ஹெச்.ஆரில், "யூ.டி.ஐ.டி. கார்டு இருக்கா மேடம்?" என்றார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை அது. எனக்கு எங்கிருந்து வரும்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகை இருக்கின்றன, ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு, எவ்வளவு காலம் பாதிக்கிறது என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறது. இங்கே தனியார் நிறுவனத்தில் எல்லாம் மேனேஜரின் மனசைப் பொறுத்தது.

"எல்லாருக்கும்தான் மறக்குது" என்பார்கள். சரி, அப்படியென்றால் அந்த மெயில் எல்லாருக்குமே உதவும், போடுங்களேன்!

சட்டம் திருந்தும்போது திருந்தட்டும். அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட்டு, அதன் பிரதியை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கொள்கையில் மருத்துவரின் கடிதமே போதும், அட்டை கேட்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். மாநில ஆணையரும் பதிவுக்கு வரும் கொள்கைகளில் இந்த வரி இருக்கிறதா என்று கேட்கலாம்.

என் பெயரைப் போட வேண்டாம், அடுத்த மாதம் அப்ரைசல் வருகிறது.

ஒரு வாசகி,
பெருங்குடி, சென்னை