மகளுக்கு, லாரி பேக்கரைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. முப்பத்திரண்டு வயசாகிவிட்டது, இன்னும் பாத்ரூம் டைல்ஸுக்குத்தான் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன், என் பேர் சொல்ல ஒரு கட்டடம் இல்லை, வேலையை விட்டுவிடட்டுமா என்று நேற்று கேட்டாய். போனில் எனக்குப் பேச்சு வரவில்லை.

நம் நாகர்கோவிலில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிற திருவனந்தபுரத்தில்தான் லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் இருந்தார். காலேஜில் அவர் கட்டடங்களைப் படித்திருப்பாய். அவருடைய வருஷங்களைப் பார், மக்கா. 1917இல் பர்மிங்காமில் பிறந்தவர். இருபது வயசில் படிப்பை முடித்தார். அப்புறம் யுத்தம்; ஆம்புலன்ஸ் குழுவோடு சீனாவுக்குப் போனார். ஊர் திரும்ப பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945இல் தொழுநோய் மிஷனின் கட்டட வேலைக்காக இந்தியா வந்தார். 1948இல் டாக்டர் எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, இமயமலையில் பித்தோராகட் பக்கம் பதினாறு வருஷம் இருந்தார். அந்த அம்மா வைத்தியம் பார்த்தார்கள், இவர் கட்டினார். 1963இல் கேரளத்து மலையூரான வாகமணுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் குடியேறும்போது ஐம்பது தாண்டிவிட்டது. இன்றைக்கு 'பேக்கர் வீடு' என்று ஜனங்கள் தேடிப்போய்ப் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை.

மலையில் இருந்த காலம் வீணாகவில்லை. தான் படித்து வந்தது அங்கே போதவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பக்கத்தில் கிடைக்கிற கல், மண், மரத்தை வைத்து ஊர்க்காரர்கள் கட்டுவதைப் பார்த்துத்தான் மறுபடி தொழில் படித்தார்.

அவருடைய சுவரைப் பற்றி ஒரு கொத்தனாராகச் சொல்கிறேன். நாங்கள் செங்கலைப் படுக்க வைத்துக் கட்டுவோம். அவர் முறையில் அந்தச் செங்கலைப் படுக்க வைக்காமல், நீளவாக்கில் விளிம்பின்மேல் நிறுத்தணும். எதிரும் புதிருமாக இரண்டு கல், நடுவில் பொந்து, அடுத்தது குறுக்கே ஒரு கல். உங்களை மாதிரி ஆர்க்கிடெக்டுகள் இதை ராட் ட்ராப் பாண்ட் என்பீர்கள். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் கல் நூற்றுக்கு 25 வரை மிச்சம், கலவையும் மிச்சம், பொந்தில் நிற்கிற காற்று வெயிலை உள்ளே விடாது. கேட்க லேசாக இருக்கும். வழக்கம்போல் கரணையில் அள்ளி வீசினால் பாதிக் கலவை பொந்துக்குள் போய்விடும். பொந்தின் மேல் ஒரு பட்டியல் கட்டையை வைத்துக்கொண்டு, கல்லின் விளிம்பில் மட்டும் பார்த்து இடணும். பூச்சும் கிடையாது. ஒவ்வொரு ஒட்டும் வெளியே தெரியும், கை கோணினால் ஊரே பார்க்கும். கொத்தனார் வேலையைப் பூச்சுக்கு அடியில் புதைக்காமல் நாலு பேர் பார்க்க விட்ட ஆர்க்கிடெக்ட் அவர். அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலுள்ள இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டினதுதான். உள்ளே போனால் தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே போகும். மேசையும் பெஞ்சும் சுவரை ஒட்டிக் கட்டினவை. தரை சரிவு, ஆனால் டம்ளரில் காபி சாயாது. ரசமட்டம் பிடித்த கை எவ்வளவு யோசித்திருக்கும் என்று அங்கே உட்கார்ந்தபோதெல்லாம் நினைத்திருக்கிறேன். வெளிச்சுவர் முழுக்க ஓட்டை விட்டுக் கட்டியிருப்பதால் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. சன்னல் சட்டம், கம்பி, கண்ணாடி எதற்கும் செலவில்லை.

1970களில் அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோது, பொருளாதார அறிஞர் கே.என். ராஜின் வளர்ச்சி ஆய்வு மையத்தை அவர் கட்டினார். நின்ற மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார். இந்தியக் குடியுரிமை, 1990இல் பத்மஸ்ரீ எல்லாம் எழுபதுக்கு மேல் வந்தவை. 2007இல் தொண்ணூறு வயசில் காலமானார்.

பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்திலும் படம் போட்டவர் அவர். சைட்டில் நின்று, கொத்தனாரோடு பேசி, அங்கேயே மாற்றுவார். அதைத்தான் நீ இப்போது செய்யணும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வரைகிற டைல்ஸை யாரோ ஒருவர் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒட்டுகிறார். போய்ப் பார். முழு டைல் வாசலில் தொடங்குகிறதா, வெட்டின துண்டு எந்த மூலைக்குப் போகிறது, தண்ணி ஓட்டைப் பக்கம் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று அவரிடமே கேள். மாதம் இரண்டு தடவையாவது சைட்டுக்கு அனுப்பச் சொல்லி ஆபீசில் கேட்டுப் பார். மாட்டேன் என்றால், அப்போது வேறு இடம் பார்க்கலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனால் வயசாகிவிட்டது என்று மட்டும் சொல்லி விடாதே.

தீபாவளிக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாக லீவு போடு. திருவனந்தபுரம் போவோம், அம்மாவும் வருகிறேன் என்கிறாள். ஆய்வு மையத்துக்குள் போய்ப் பார்க்க முன்கூட்டி அனுமதி வேண்டுமா என்று நீயே ஒரு மெயில் போட்டுக் கேட்டு வை.

அன்புடன்,
அப்பா